பனிமலையில் ஒரு வாரம்: எந்த ஊருக்குப் போவது?

ஸ்விட்சர்லாந்து என்றதும் நம் ஊர்ப் பெண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமா டூயட்தான். மெல்லிய சேலையைக் கட்டிக்கொண்டு கதாநாயகி பனியில் உருண்டு புரளுவாள். கதாநாயகன் மட்டும் கோட்டும் மஃப்ளருமாக ஜம்மென்று நிற்பான்! அந்தப் பெண் எப்படி நடுங்கியிருப்பாள் என்பது இங்கே ஒரு ஜனவரி மாதத்தைக் கழித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்த ஊர் ஜனங்கள் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்குவதில்லை. பனி விழ ஆரம்பித்தால் போதும், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு சரிவில் சர்ரென்று இறங்குவார்கள். அதுதான் பனிச்சறுக்கு. நாங்கள் எல்லோரும் 'ஸ்கீ' என்றே சொல்வோம்.

"அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். இங்கே வளரும் நம் பிள்ளைகளை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. பல ஸ்கூல்களில் பனிக்காலத்தில் ஒரு வாரம் மலைக்கு அழைத்துப் போய் முகாம் போட்டுக் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் வருவது போல, இங்கே பிள்ளைகளுக்கு ஸ்கீ வந்துவிடுகிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில்கூட, அம்மா அப்பா பனியைக் கண்டாலே ஒதுங்குவார்கள். பிள்ளைகளோ மலை உச்சியிலிருந்து பறந்து வருவார்கள்.

எங்கள் குடும்பமும் அப்படித்தான். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். இவருடைய வேலை காரணமாக சூரிச் அருகே குடியேறிப் பத்தொன்பது வருஷமாகிறது. இவர் வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டார். பெரியவளுக்குப் பதினேழு வயது, சின்னவனுக்குப் பதினைந்து; இரண்டு பேருக்கும் ஐந்து வயதிலிருந்தே பழக்கம். நானும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு, இப்போது செங்குத்தான சரிவிலும் தைரியமாக இறங்குவேன்.

இப்படி எல்லோருக்கும் நன்றாக வரும் குடும்பத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பது சுலபம் என்றுதான் தோன்றும். அதுதான் இல்லை! புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு சின்ன மேடும் நல்ல வாத்தியாரும் இருந்தால் போதும். பழகியவர்களுக்கு ஆளுக்கொரு ஆசை. ஒவ்வொருவருக்கும் பிடித்த மலை வேறு வேறு. இந்த வருஷம் பிப்ரவரி லீவுக்கு நாங்கள் எப்படி ஊர் பார்த்தோம் என்று சொல்கிறேன். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் தாய்மார்களுக்கும், நாளைக்கே குல்மார்க் போக நினைக்கிறவர்களுக்கும் இதில் ஏதாவது உபயோகப்படும்.

நாலு பேருக்கு நாலு கணக்கு

எங்கள் வீட்டில் இந்த வருஷம் விஷயம் கொஞ்சம் சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன் பெரியவள் ஒரு மலையில் விழுந்து முழங்கால் தசைநார் அறுந்துபோயிற்று. முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் நார் அது. பனிச்சறுக்கில் அதிகமாக அடிபடும் இடம் முழங்கால்தான். அதிலும் இந்த நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆபரேஷன் செய்து, மாதக்கணக்கில் தேகப்பயிற்சி செய்து, போன குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாகவே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் ஒற்றைக் காலில் குதிக்க வைத்து, இரண்டு காலின் பலத்தையும் அளந்து பார்த்துவிட்டு, "இனி தாராளமாகப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கால் சரியாகிவிட்டது. மனசு? "எங்க போனாலும் எனக்கு ஓகேம்மா" என்றாள். எப்போதும் முதல் ஆளாக வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிற பெண் இப்படிச் சொன்னால், பெற்றவளுக்குப் புரியாதா? உள்ளே பயம் இருக்கிறது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

சின்னவன் நேர்மாறு. "போட்டு வச்ச பாதையில போறதெல்லாம் போரும்மா. பாதைக்கு வெளியில, யாரும் போகாத புதுப் பனியில போகணும்" என்று ஒரே பிடிவாதம். இவருக்கு நீளமான, செங்குத்தான சரிவு வேண்டும். எனக்கோ நல்ல வெயிலும் கூட்டமில்லாத பாதையும் போதும்.

இதற்கு நடுவில் என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எழுபத்திரண்டு வயது, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டுல டி.வி. பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்கள். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்களைப் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வருமா?

ஆக, கேள்வி இதுதான்: சூரப்புலிகள் மூன்று பேர், பயந்த பெண் ஒருத்தி, சேலை கட்டிய பெரியவர் ஒருவர். எல்லோருக்கும் பொருந்துகிற மலை எது?

விளம்பரத்தில் போடாத விஷயங்கள்

பனிச்சறுக்கு ஊர்கள் எல்லாம் 'எங்களிடம் இத்தனை கிலோமீட்டர் பாதை' என்றுதான் பெருமை அடித்துக்கொள்ளும். பழகியவர்கள் இந்தக் கணக்கில் மயங்கக்கூடாது. முந்நூறு கிலோமீட்டர் இருந்தாலும் ஒரு வாரத்தில் அத்தனையிலும் யார் போகப்போகிறார்கள்? கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலாவது, உச்சிக்கும் அடிவாரத்துக்கும் எத்தனை மீட்டர் உயர வித்தியாசம்? அது அதிகமாக இருந்தால்தான் ஒரே மூச்சில் நீண்ட இறக்கம் கிடைக்கும்.

இரண்டாவது, பாதையின் நிறம். ஸ்விட்சர்லாந்தில் நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். பிரான்சில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. நிறம் அந்தந்த ஊர்க்காரர்கள் போட்டது. ஓர் ஊர்ச் சிவப்பு இன்னோர் ஊர்க் கறுப்பாக இருக்கும்! இது தவிர, இங்கே மஞ்சள் அடையாளம் வைத்த வழிகளும் உண்டு. பனிச்சரிவு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் மெஷின் ஓட்டிச் சமப்படுத்த மாட்டார்கள். பழகியவர்களுக்கு இது கொண்டாட்டம்.

மூன்றாவது, பனி நிற்குமா? இப்போதெல்லாம் குளிர்காலமே சூடாகி வருகிறது. தாழ்வான மலைகளில் பிப்ரவரியிலேயே புல் தெரிகிறது. உச்சி 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதும், சரிவு வடக்கு பார்த்து இருப்பதும் நல்லது. வடக்குச் சரிவில் வெயில் குறைவு, பனி நாள்பட நிற்கும்.

நாலாவதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. அம்மாக்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே லிஃப்டில் மேலே போய், ஒருவர் கஷ்டமான வழியிலும் இன்னொருவர் சுலபமான வழியிலும் இறங்கி, மறுபடி ஒரே இடத்தில் சேர முடியுமா? நடுவழியில் கால் வலித்தால் இறங்கி வர வேறு வழி உண்டா? ஸ்கீ தெரியாதவர்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வந்து சேர முடியுமா?

ஐந்து ஊர்கள், ஒரு சாப்பாட்டு மேஜை

செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் வரைபடங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். லீவு வாரத்துக்கு அப்போதே வீடு பிடிக்காவிட்டால் கிடைக்காது. இங்கே பனிக்கால லீவு ஒவ்வொரு மாகாணத்துக்கும் வேறு வேறு வாரம். ஆனாலும் பிப்ரவரி முழுக்க எல்லா ஊரும் நிரம்பி வழியும்.

இவர் சொன்னது செர்மாட். மாட்டர்ஹார்ன் என்ற 4,478 மீட்டர் சிகரத்தின் அடியில் இருக்கும் ஊர். கார் உள்ளே போகக்கூடாது, ரயிலில்தான் போகவேண்டும். லிஃப்ட் 3,883 மீட்டர் வரை போகும். அங்கிருந்து அந்தப் பக்கம் இறங்கினால் இத்தாலி! பனிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஊரே 1,600 மீட்டர் உயரம், மேலே ரயில் போகும் இடங்கள் 2,500 மீட்டரைத் தாண்டும். அத்தைக்கு ராத்திரி தங்குவது 1,500 மீட்டருக்குள், பகலில் ஏறுவது 2,000 மீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். வாடகையைப் பார்த்ததும் இவரே வரைபடத்தை மடித்துவிட்டார்.

சின்னவன் சொன்னது வெர்பியே. பாதைக்கு வெளியே போகிறவர்களுக்குப் பேர்போன ஊர். 3,330 மீட்டர் உயரத்தில் மோன்ஃபோர் உச்சி. நாலு பள்ளத்தாக்குகள் சேர்ந்து 400 கிலோமீட்டர் பாதை. அத்தனையும் நல்லதுதான். ஆனால் காலையில் பிரிந்தால் ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் இருப்போம், சாயங்காலம்தான் முகத்தைப் பார்ப்போம்.

அன்டர்மாட் பற்றிக் கொஞ்ச நேரம் விவாதம். அங்கே கெம்ஸ்டாக் மலை 2,961 மீட்டர், வடக்கு பார்த்த சரிவு, அருமையான பனி. பழகியவர்களுக்கு அல்வா மாதிரி. ஆனால் அங்கே எல்லாமே சிவப்பும் கறுப்பும். சுலபமான சரிவுகள் ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலையில். அப்படியானால் பெரியவள் தனியாக எதிர் மலையில் இருக்கவேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டிலிருந்த முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வரைபடத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆஸ்திரியாவில் சாங்க்ட் அன்டோன் இருக்கிறது. 1901-லேயே அங்கே ஸ்கீ சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் பாருங்கள்! ஆனால் அங்கே நீலப் பாதையே மற்ற ஊர்ச் சிவப்பு மாதிரி என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இரண்டு வருஷம் கழித்து முதன்முதலாகப் பலகையில் கால் வைக்கும் பெண்ணுக்கு அது வேண்டாம்.

மீதி இருந்தது வெங்கன். "அது பாட்டிமார் போற ஊரு அப்பா!" என்று சின்னவன் உதட்டைப் பிதுக்கினான்.

"நம்ம வீட்டுலயும்தான் ஒரு பாட்டி இருக்காங்க" என்றேன்.

ரயில் ஏறும் மலை

வெங்கன் 1,274 மீட்டரில், பள்ளத்தாக்கின் மேல் ஒரு பலகணி போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1893-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில்தான் ஊருக்குள் போகும் வழி. காரை லாட்டர்புருன்னனில் விட்டுவிட வேண்டும். அதே ரயில் மேலே 2,061 மீட்டரில் இருக்கும் க்ளைன ஷைடெக் வரை ஏறும். எதிரே ஐகர் மலையின் வடக்குச் சுவர். 1938-ல்தான் அதில் முதன்முதலாக மனிதர்கள் ஏறி முடித்தார்கள். பக்கத்திலேயே 4,158 மீட்டர் யுங்ஃப்ராவ் சிகரம். வரிசையாக வெள்ளைக் கோபுரங்கள் நிற்பது போல இருக்கும்.

சூரப்புலிகளுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? 1930-லிருந்து லாபர்ஹோர்ன் என்ற உலகப் புகழ்பெற்ற பந்தயம் இங்கேதான் நடக்கிறது. நாலரைக் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட நீளும் இறக்கம். 2013-ல் ஒரு வீரர் இதில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தார். நம் எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகம்! ஜனவரியில் பந்தயம் முடிந்த பிறகு அதே சரிவில் நாமும் இறங்கலாம், நம் வேகத்தில்தான். எதிர்ப் பக்கம் ம்யூரன் என்ற இன்னொரு ஊர். இன்றைய முறையில் கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பந்தயத்தை 1922-ல் அங்கேதான் முதலில் நடத்தினார்கள். அதற்கு மேலே 2,970 மீட்டரில் ஷில்ட்ஹோர்ன் உச்சி. அங்கிருந்து இறங்கும் கறுப்புப் பாதை இவருக்கென்றே செய்தது போல! இரண்டு பக்கமும் ஒரே டிக்கெட்.

என் மனசில் முடிவானது ரயிலால்தான். பனிச்சறுக்கு டிக்கெட் வைத்திருப்பவர்கள் இந்த மலை ரயிலிலும் ஏறலாம். நடுவில் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். பெரியவளுக்குக் கால் வலித்தாலோ, பயம் வந்தாலோ, பலகையைக் கழற்றிக்கொண்டு பக்கத்து ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஷைடெக்கில் அத்தையும் ரயிலில் வந்து எங்களோடு சாப்பிடலாம். லாபர்ஹோர்ன் பக்கத்துச் சரிவுகளில் கஷ்டமானதும் சுலபமானதும் அடுத்தடுத்து இறங்கிக் கீழே ஒன்று சேருகின்றன.

இதை ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னேன். பெரியவள் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மா, இந்த ஸ்டேஷன் பாதைக்கு எவ்வளவு பக்கம்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

குக்கரும் கம்பளிப் பேண்ட்டும்

ஹோட்டலில் தங்காமல் சமையலறையோடு ஒரு வீட்டை எடுத்தோம். சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வாடகை. ஐந்து பேர் ஒரு வாரம் வெளியில் சாப்பிட்டால் சொத்தை எழுதி வைக்க வேண்டியதுதான்! பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் சூரிச்சில் இலங்கைத் தமிழர் கடையிலேயே வாங்கிக்கொண்டேன். முக்கியமாக பிரஷர் குக்கர். மலை உயர உயரத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். வெங்கன் உயரத்தில் ஏறக்குறைய 96 டிகிரிதான். பாத்திரத்தில் போட்டால் துவரம்பருப்பு லேசில் வேகாது.

அத்தைக்கு உள்ளே கம்பளிப் பேண்ட், அதன்மேல் சேலை, அதன்மேல் நீளக் கோட்டு. பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ள இரும்பு முள் வைத்த ரப்பர் வளையம் ஒரு ஜோடி. வயதானவர்கள் பனி உறைந்த தெருவில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. இந்த முள் இருந்தால் கவலையில்லை. முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மீசை ஒண்ணுதான் பாக்கி, மிலிட்டரிக்காரி மாதிரி இருக்கேன்" என்று சிரித்தார்கள்.

கிளம்பும் முன் எல்லோருடைய பலகையையும் கடையில் கொடுத்து, பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கைச் சரிபார்த்தோம். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், எப்படி ஓட்டுகிறவர் என்பதையெல்லாம் வைத்து அதை அமைக்கிறார்கள். விழும்போது பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் எடை மாறுமே! போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்கு ஆகாது. அப்படியும் முழங்கால் நாரை இது முழுக்கக் காப்பாற்றிவிடாது. அதற்குத் தொடைப் பலம்தான் துணை. ஆறு வாரம் முன்பிருந்தே நாங்கள் நாலு பேரும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்காருகிற பயிற்சியைச் செய்தோம்.

மூன்றாம் எண்

ஞாயிறு ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. திங்கட்கிழமை பளிச்சென்று வெயில். பாதைக்கு வெளியே மாவு சலித்துக் கொட்டியது போல் புதுப் பனி. சின்னவன் துள்ளினான்.

இங்கே டாவோஸ் நகரில் பனி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் காலையிலும் மாலையிலும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை எண். அன்றைக்கு மூன்று.

"அஞ்சுல மூணுதானேம்மா! பாதிதான்!" என்றான்.

இங்கேதான் அம்மாக்கள் உஷாராக இருக்க வேண்டும். பனிச்சரிவில் அதிகம் பேர் உயிர் இழப்பது ஐந்தாம் எண் நாளில் இல்லை. அன்றைக்குத்தான் யாரும் போகமாட்டார்களே! மூன்றாம் எண் நாளில்தான். வெயில் அடிக்கும், பனி அழகாக இருக்கும், முன்னால் போனவர்களின் தடமும் தெரியும். 'அவர்கள் போனார்களே' என்று நாமும் போவோம். புதைந்தவர்களை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் தீர்ந்துவிடும். கூட இருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் பாதையை விட்டுப் போகிற ஒவ்வொருவரிடமும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும்; உபயோகிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் ஏற்கெனவே ஒரு நாளைக்கு மலை வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம். இவர் போனில் கேட்டார். "இன்றைக்கு வேண்டாம். வியாழக்கிழமை பார்க்கலாம்" என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பக்கத்துச் சரிவில் யாரோ நாலு பேர் கூவிக்கொண்டு போனார்கள். "பாருங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை!"

அத்தை அவன் தலையைத் தடவி, "ராசா, காவேரியில வெள்ளம் வந்தப்ப நீந்திக் கரையேறுனவனைத்தான் ஊரு பேசும். போனவன் வந்து பேசமாட்டான்" என்றார்கள். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, ஆனால் கிளம்பவில்லை. அன்று அப்பாவோடு மஞ்சள் அடையாளம் வைத்த வழியில் திரும்பத் திரும்ப இறங்கிவிட்டு வந்தான். வியாழக்கிழமை எண் இரண்டுக்கு இறங்கியது. வழிகாட்டியோடு ம்யூரன் பக்கம் போய், முழங்கால் வரை பனியில் ஓட்டிவிட்டு வந்தவனுக்குப் பேச்சே வரவில்லை, சிரிப்புதான்!

சாப்பாட்டு மணி

தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஷைடெக் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மர பெஞ்சுதான் எங்கள் சந்திப்பு. அத்தை ரயிலில் அரை மணி நேரம் ஏறி வருவார்கள். தோள்பையில் எலுமிச்சை சாதமும் பிளாஸ்கில் மிளகு ரசமும். மலை உச்சியில் மிளகு ரசம் குடித்திருக்கிறீர்களா? பக்கத்து பெஞ்சு ஜெர்மன் பாட்டி வாசனை பிடித்துக்கொண்டே வந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அடுத்த நாள் பதிலுக்குச் சாக்லேட் கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை கிடையாது. ஆனாலும் எங்களுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்!

பெரியவள் முதல் நாள் இரண்டு தடவை நீலப் பாதையில் இறங்கினாள். மூன்றாவது தடவை பாதி வழியில் நின்றுவிட்டாள். "நீ போம்மா. நான் ரயில்ல வரேன்" என்றாள். நான் கூடவே நிற்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். கீழே ஸ்டேஷனில் அவள் ரயிலிலிருந்து இறங்கியபோது முகத்தில் வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காற்று பலமாக அடித்து மேல் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து கீழ்ப் பக்கத்துச் சரிவுகளில் மெதுவாக ஓட்டினோம். அவளுக்கு அது நல்லதாகப் போயிற்று. தம்பியும் அன்றைக்கு அவள் வேகத்திலேயே வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, லாபர்ஹோர்ன் உச்சியில் லிஃப்டை விட்டு இறங்கினோம். இடது பக்கம் சுலப வழி, வலது பக்கம் பந்தயப் பாதை. நான் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். "அம்மா, நான் இந்தப் பக்கம் போறேன்" என்று வலது பக்கம் கையைக் காட்டினாள். தம்பி "அக்கா, முன்னாடி நான் போறேன், என் தடத்திலேயே வா" என்றான். "போடா, நீதான் என் தடத்துல வரணும்" என்றாள்!

நான் சுலப வழியிலேயே இறங்கி, கீழே சேரும் இடத்தில் நின்றேன். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். எனக்கு ஏழெட்டு மணி நேரம். சரிவின் திருப்பத்தில் முதலில் தெரிந்தது சிவப்புக் கோட்டு. அது அவளுடையது.

கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வெயில்: மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவிகிதம்போல் கூடும். பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நல்ல கண்ணாடியும் சன் கிரீமும், மூக்கின் அடியிலும் காது மடலிலும்கூடப் பூசுவதும் அவசியம்.

உடை: உடம்பை ஒட்டி பருத்தி போடாதீர்கள். வியர்வையில் நனைந்தால் உலராது, குளிர் உள்ளே ஏறும். கம்பளி நல்லது.

தண்ணீர்: குளிரில் தாகம் தெரியாது. பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். பெரியவர்களுக்கு மூக்கு வறண்டு ரத்தம் வரலாம். லேசாக வாஸ்லின் தடவினால் போதும்.

அவசரம்: ஸ்விட்சர்லாந்தில் பெரும்பாலான இடங்களில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, வாலே மாகாணத்தில் மட்டும் 144. போனில் முன்பே பதிந்து வையுங்கள். இன்ஷூரன்ஸில் மீட்புச் செலவு அடங்குமா என்று பாருங்கள். செர்மாட்டிலிருந்து இத்தாலிப் பக்கம் இறங்குபவர்கள், அடுத்தவர் மேல் மோதினால் நஷ்ட ஈடு தரும் இன்ஷூரன்ஸை 2022 முதல் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில்: குல்மார்க் ஊரே 2,650 மீட்டர், கேபிள் கார் ஏறும் இடம் 3,900 மீட்டருக்கும் மேலே. அங்கே போகிறவர்கள் முதல் நாள் ஓய்வெடுத்துவிட்டு, மறுநாள் மெதுவாக மேலே போவது நல்லது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். மேல் பகுதியில் பாதைக்கு வெளியே போவதற்கு வழிகாட்டி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

ஊர் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிஃப்ட் என்றெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு தாளை எடுத்து, மத்தியானம் யார் யார் எங்கே சாப்பிடுவார்கள், யாருக்காவது வேண்டாம் என்று தோன்றினால் எந்த வழியாகத் திரும்புவார்கள் என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் நிரம்பினால் ஊர் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த வருஷத்துக்கு இப்போதே வெங்கனில் அதே வீட்டைச் சொல்லி வைத்தாயிற்று. சொன்னது யார் என்கிறீர்கள்? சின்னவன்தான்!